காரணம்: மாஸ்டர் பீஸ் தேய்மானம்

வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் கை மட்டும் அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. கொரட்டூர் வீட்டில் காலை ஒன்பது மணிக்குமேல் எனக்கு உருப்படியான வேலை கிடையாது. ஏரிப்பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவேன். வந்ததும் மறுபடி செருப்பை மாட்டுவேன். "கஸ்தூரி, ஒரு எடத்துல உக்காரேன். பாக்குற எனக்கே கால் வலிக்குது" என்பார் என் கணவர். உட்கார்ந்தால் ஆள்காட்டி விரல் மேசையைத் தட்டும், டி.வி. ரிமோட்டைத் தட்டும், எதுவும் கிடைக்காவிட்டால் கட்டைவிரலையே தட்டும். இருபத்தெட்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் மவுஸைத் தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்கிய விரல். அதைப் போய் சும்மா இரு என்றால் இருக்குமா?

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் இருந்த தரப் பரிசோதனைப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பெண். "அக்கா, மெஷின் வந்துடுச்சு. ரப்பர் விரல் மாதிரி ஒண்ணு, அதுவே அமுக்கி, எவ்வளவு அழுத்தம்னு நம்பர்ல காட்டுது. எங்க யாரு கையும் இனிமே வேண்டாம். நீங்க எல்லாம் கையாலயே எப்படித்தான் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா, புதுசா வந்தவங்க ஆசையா கேக்கறாங்க" என்றாள். மனிதக் கைக்கு ஈடாகுமா என்று நான் அந்த மெஷினை நாலு திட்டு திட்டுவேன் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. எனக்கு அதன்மேல் கோபமே இல்லை. இன்னும் முன்னாலேயே வந்து தொலைத்திருக்கலாம் என்றுதான் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்து, எழுந்து, கிழித்து, இது நாலாவது தடவை.

கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலைப் பக்கம் ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். மவுஸின் வயிற்றுக்குள் ரப்பர் உருண்டை இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் ஈயம் பற்றவைத்தேன், ஒரு வருஷம் பேக்கிங்கில் நின்றேன். ஒருநாள் பெட்டியில் அடுக்கும்போது, "இந்த பீஸ் மட்டும் வேற மாதிரி இருக்கு" என்று யாரும் கேட்காமலே உளறினேன். பின்னால் நின்றுகொண்டிருந்த தயாளன் சார் அதை வாங்கிப் போய்ப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு திருகு முழுதாக இறங்கவில்லை. மறுநாளிலிருந்து நான் தரப் பரிசோதனையில்.

தயாளன் சார் அந்தப் பிரிவுக்குத் தலைவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அடுத்த வார்த்தை பேசமாட்டார். ஒரு நிமிஷம் ஆனாலும் சரி, இரண்டு ஆனாலும் சரி, நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். என்னைப்போன்ற அவசரக்காரிக்கு அது நரகம். அந்த மௌனத்தை உடைப்பதற்காகவே வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிக்கொள்வேன். முதல் வாரம் ஒரு பீஸைத் தட்டிவிட்டு "நல்லா இருக்கு சார்" என்றேன்.

"நல்லா இருக்குன்னா? சாம்பாரா?" என்றார். அப்புறம் வழக்கம்போல நின்றார்.

அதற்கப்புறம் நாங்களே எங்களுக்கு வார்த்தைகள் உண்டாக்கிக்கொண்டோம். சட்டென்று உடைந்து விரலுக்குத் திரும்பும் கிளிக் 'முறுக்கு'. சத்தமும் இல்லாமல் சுரணையும் இல்லாமல் அமுங்குவது 'நமுத்தது'. விரல் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் 'கனம்'. சார் இவற்றை அப்படியே பரிசோதனைத் தாளில் எழுதச் சொன்னார். வெளியாட்கள் பார்த்தால் பலகாரக் கடைப் பட்டியல் என்று நினைப்பார்கள்.

முறை இதுதான். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துடைத்த பிறகும் இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஈர விரல் பொய் சொல்லும். பிறகு மவுஸைச் சாம்பல் நிற விரிப்பில் வைத்து, அதன்மேல் கையை வைத்து, கைக்குமேல் சார் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போடுவார். கண்ணுக்கு அழகாகத் தெரிவதைக் கையும் நம்பிவிடும் என்று அவருக்குப் பயம். உள்ளங்கை எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று முதலில் சொல்ல வேண்டும். அப்புறம் தூக்கி எடை பார்க்க வேண்டும். காதருகே ஆட்டி உள்ளே ஏதாவது கடகடக்கிறதா என்று கேட்க வேண்டும். நகத்தால் மூடியின் இணைப்பைச் சுற்றி வர வேண்டும். இடது பட்டன் ஐந்து தட்டு, வலது ஐந்து தட்டு. நடுவில் உள்ள சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக உருட்ட வேண்டும். கடைசியாக, ஒரு முழு நிமிஷம் கையை அதன்மேல் வைத்தபடி சும்மா இருக்க வேண்டும்.

"மவுஸ் வெச்சிருக்கறவங்க பாதி நேரம் சும்மாதான் வெச்சிருப்பாங்க. அப்ப அது என்ன பண்ணுதுன்னு பாக்க வேணாமா?" என்பார் சார். அந்தக் கடைசி நிமிஷம் எனக்கு எப்போதும் ஆகாது. மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு எழுந்து அந்தக் கட்டத்தில் 'சரி' போட்டுவிடுவேன். சார் பக்கத்தில் நின்றால் மட்டும் அறுபது எண்ணுவேன்.

ஒயர் இல்லாத மவுஸ் எங்களுக்கு முதல்முதலாக வந்தபோது, ஆர்டர் கொடுத்த கம்பெனி மூன்று மாதிரிகளை அனுப்பியது. கூடவே அவற்றை வரைந்த இளைஞரும் வந்தார். அவருக்குப் பிடித்தது கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் வைத்து, பக்கவாட்டில் வளைந்து போகும் மாதிரி. பார்க்க அத்தனை அழகு. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. தயாளன் சார் ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் எடுத்துப்போய் கேன்டீன் மேசையில் வைத்தார். "யாரையும் எது பிடிச்சிருக்குன்னு கேக்காத கஸ்தூரி. கேட்டா உனக்குப் பிடிச்சதைத்தான் சொல்லுவாங்க. எடுக்கற கையை மட்டும் பாரு" என்றார்.

அங்கேதான் மல்லிகா வந்தாள். முத்தாபுதுப்பேட்டைக்காரி. லைனில் மவுஸுக்குப் பட்டனோடு சேர்ந்த மேல்மூடி பொருத்துகிறவள், நாலு வருஷமாக கான்ட்ராக்டில் இருந்தாள். அவளுடைய அப்பா, அம்மா இருவரும் கழனியில் கூலிக்குப் போனவர்கள், அந்த வீட்டில் கம்பெனி வாசல் மிதித்த முதல் ஆள் அவள். மதியம் நானும் அவளும் ஒரே பெஞ்சில்தான் சாப்பிடுவோம். பள்ளம் வைத்த மாதிரியை எடுத்துக் கையில் மாட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, கைக்கு செருப்பு போட்ட மாதிரி கீது!"

கேன்டீனே சிரித்தது. வரைந்தவர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான மாதிரியை எல்லாரும் எடுத்தார்கள், புகழ்ந்தார்கள், வைத்துவிட்டார்கள். ஒரு விசேஷமும் இல்லாத நடு மாதிரியைத்தான் டீ போடுகிறவர் தன் மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டே பத்து நிமிஷம் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். அதுவே முடிவாயிற்று. பேட்டரி பின்னால் இருந்ததால் பின்பக்கம் எடை கூடியது, அதை நடுவுக்குத் தள்ளச் சொல்லி சார் எழுதினார். பட்டனின் கிளிக் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்தோம். நல்ல முறுக்கு.

அப்படி முடிவானபின் மூன்று பீஸ்களில் இரு கம்பெனிக்காரர்களும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார்கள். அதுதான் மாஸ்டர் பீஸ். இனிமேல் வரும் ஒவ்வொரு மவுஸும் அதைப்போல இருக்க வேண்டும். ஒன்று ஆர்டர் கொடுத்தவர்களிடம் போயிற்று, ஒன்று சாரின் பீரோவுக்குள், ஒன்று என் மேசைக்கு. என் மேசையில் உள்ளதை அதற்கான பெட்டியில் வைத்திருந்து, புதிய தொகுதி, எங்கள் பாஷையில் லாட், ஆரம்பிக்கும்போது மட்டும் எடுத்து, ஐந்து தட்டுத் தட்டி, விரலுக்கு ஞாபகப்படுத்திவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும் என்பது விதி. நான் அதைப் பெட்டியில் வைத்ததே இல்லை. வலது கைப்பக்கமே கிடக்கும்.

இரண்டு வருஷம் போயிற்று. என் பேர் எஸ்டேட்டில் மற்ற கம்பெனிகள்வரை தெரிந்தது. 'மவுஸ் அக்கா' ஒன்று ஆகாது என்றால் ஆகாது. எனக்கும் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்த வருஷம்தான் கான்ட்ராக்டில் இருந்த ஐந்து பேரை நிரந்தரம் ஆக்கப்போவதாகப் பட்டியல் வந்தது. மல்லிகா பேர் இரண்டாவது.

அதே மாதத்தில் மூடிகள் என் மேசையில் தேறாமல் போக ஆரம்பித்தன. தட்டிப் பார்த்தேன், கனம். மாஸ்டரைத் தட்டினேன், பூப்போல இருந்தது. மறுபடி இதைத் தட்டினேன், கனம்தான். ரிஜெக்ட் சீட்டு எழுதினேன். அதில் மூடி பொருத்தியவர் பேர் எழுதியாக வேண்டும். அந்த மவுஸுக்கு மூடி பொருத்துகிறவள் லைனில் ஒருத்திதான். மல்லிகா. அடுத்த லாட்டும் கனம், மல்லிகா. அதற்கடுத்ததும் அப்படியே.

மதியம் சாப்பாட்டு பெஞ்சில் கேட்டாள்: "அக்கா, நா எப்பவும் போலதான் போடுறேன். இன்னாதான் தப்பு, சொல்லேன்."

"கனமா இருக்கு மல்லிகா. கை அழுத்தம் கூடிப்போச்சு உனக்கு. நிரந்தரம் ஆகப்போற நேரத்துல இப்படியா?"

அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சோற்றை மூடி வைத்துவிட்டாள்.

நாலாவது லாட் சரியாக வந்தது. ஐந்தாவதும். மாஸ்டரைப் போலவே பூப்போல. சந்தோஷமாக 'சரி' போட்டு அனுப்பினேன். "பாத்தியா, கவனிச்சா வருதில்ல" என்று அவள் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று வாரத்தில் அந்த இரண்டு லாட்டும் திரும்பி வந்தன. கையைச் சும்மா வைத்திருந்தால் மவுஸ் தானாகவே கிளிக் ஆகிறது என்று புகார். பிரித்துப் பார்த்தோம். பட்டனுக்கு அடியில், சுவிட்சை அமுக்கும் சின்னக் கால் ஒன்று இருக்கும். ஒவ்வொரு காலிலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதனால் சுவிட்ச் எப்போதும் பாதி அமுங்கியே இருந்தது, தொட்டால் போதும், கிளிக் ஆகிவிடும். கேட்டார்கள். மல்லிகா மறைக்கவில்லை, தான்தான் ஒட்டியதாகச் சொன்னாள். அனுமதி இல்லாமல் பொருளுக்குள் கை வைத்தாள் என்று எழுதி, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டியலில் அவள் பேரை அடித்தார்கள். என் கையெழுத்தும் அந்தத் தாளில் இருந்தது. எனக்கு அவள்மேல் அத்தனை ஆத்திரம். என் கையை ஏமாற்றிவிட்டாளே என்றுதான் ஆத்திரம்.

ஒரே ஒருவர்தான் வேறு கேள்வி கேட்டார். "ஏன் ஒட்டினா?" என்றார் தயாளன் சார்.

"கனமா இருக்குன்னு நான் திருப்பி அனுப்பினேன் சார். லேசாக்க ஒட்டியிருக்கா."

"கனமா இருந்துதா?"

"ஆமா சார். மாஸ்டரோட ஒத்துப் பாத்தேன்."

அவர் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்து, என்னைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். வந்து உட்கார்ந்ததும் என் கண்ணை மூடச் சொல்லி, வலது கையின் கீழே ஒரு மவுஸை வைத்து, மேலே கைக்குட்டையைப் போட்டார். தட்டினேன். எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். தட்டினேன்.

"முதல் பீஸ்தான் மாஸ்டர் சார். ரெண்டாவது ரிஜெக்ட். கனம்" என்றேன், யோசிக்கவே இல்லை.

கைக்குட்டையை எடுத்தார். நான் ரிஜெக்ட் என்று சொன்ன பீஸில் முத்திரை இருந்தது, இரண்டு கையெழுத்தும் இருந்தன. அவருடைய பீரோவிலிருந்த மாஸ்டர். யாரும் தொடாதது. பக்கத்தில் என் மாஸ்டர் கிடந்தது. இடது பட்டனில் என் விரல் படும் இடம் மட்டும் எண்ணெய் தடவினாற்போல் பளபளத்தது. எழுதும்போது, போனில் காத்திருக்கும்போது, யோசிக்கும்போது, கோபம் வரும்போது, இரண்டு வருஷமாக நான் தட்டிக்கொண்டே இருந்தது அதைத்தான். அது நமுத்துப் போயிருந்தது. நமுத்ததை வைத்துக்கொண்டு, நல்ல முறுக்கையெல்லாம் கனம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சார் அத்தோடு விடவில்லை. திரும்பி வந்த மவுஸ் ஒன்றைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து என் கைக்கடியில் வைத்தார். "ஒரு நிமிஷம். அசையாம" என்றார். பத்து எண்ணினேன், ஒன்றுமில்லை. இருபது, முப்பது. நாற்பது தாண்டும்போது கையின் பாரத்தில் அது தானாகக் கிளிக் என்றது. சார் பக்கத்தில் இல்லாதபோது நான் ஒருநாளும் நாற்பதுவரை உட்கார்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். மல்லிகா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. மாஸ்டர் பீஸில்தான் கோளாறு, உன்மேல் தப்பில்லை, சார் உன்னைத் திரும்பக் கூப்பிடுகிறார் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"நீ தட்டிகினே இருப்பியே, அதானே?" என்றாள்.

நான் ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"லைன்ல எல்லாருக்கும் அந்த சத்தம் கேக்கும்க்கா. டிக்கு டிக்குனு. 'அக்கா யோசிக்குது'ன்னு சிரிச்சிகினு இருப்போம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"யாராண்ட சொல்றது? உன் கை தப்புன்னு நா சொன்னா எவன் நம்புவான்? நானே நம்பலியே. என் கைக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சுன்னு ராத்திரியெல்லாம் பயந்துகினு இருந்தேன். அப்பறம்தான் அந்த தாள ஒட்டினேன்." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "வர்றேன்க்கா. ஆனா எதனால ஆச்சுன்னு ஒரு வார்த்த எழுதிப் போட்ரு. நா எதோ திருட்டு வேல செஞ்சிட்டேன்னு எங்க ஊட்லயே நெனச்சிகினு கீறாங்க."

எழுதுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

திங்கட்கிழமை சார் அறிக்கைத் தாளை என்னிடமே கொடுத்தார். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. பட்டம் இல்லை, இங்கிலீஷ் இல்லை, அந்தக் கம்பெனியில் என்னிடம் இருந்ததெல்லாம் என் கைமேல் மற்றவர்கள் வைத்த நம்பிக்கை ஒன்றுதான். அதை என் கையாலேயே எழுதிக் கெடுத்துக்கொள்வதா? 'மாஸ்டர் பீஸ் தேய்மானம்' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அதில் யாரும் இல்லை.

சார் படித்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். வழக்கம்போல அடுத்த வார்த்தை பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ தடவை அந்த மௌனம் பொறுக்காமல் எதையெதையோ உளறியவள் நான். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய மௌனத்தை நான் முழுசாகப் பொறுத்த ஒரே நிமிஷம் அதுதான். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அறிக்கையைப் பலகையில் ஒட்டினார்கள். மல்லிகா வேலைக்கு வந்தாள். பலகைக்கு முன்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"தானா தேஞ்சுதாக்கா?"

நான் தாளைப் புரட்டிக்கொண்டே "ம்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் மதியத்தில் அவள் வேறு பெஞ்சில் சாப்பிட்டாள். யார் தப்பு என்று அறிக்கையில் இல்லாததால், பிளாஸ்டிக் தாள் ஒட்டிய குற்றம் அவள் பேரிலேயே நின்றது. நிரந்தரப் பட்டியலில் அவள் இடத்துக்கு வேறு பெண் போனாள், மல்லிகாவே மூடி பொருத்தச் சொல்லிக்கொடுத்த பெண். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் லைனுக்குத் தலைவியானாள். மல்லிகா நிரந்தரம் ஆனது அதற்கும் பிறகுதான். இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்குக் கீழேதான் வேலை பார்க்கிறாள். எனக்கு விடை கொடுத்த அன்று மேடையில் என் கையைப் புகழ்ந்து பேசினார்கள். சால்வை போட்டார்கள். கூட்டத்தில் மல்லிகா எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

நிவேதா, நீ கேட்டதை எழுதிவிட்டேன். புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்குமுன் இதை லைனில் எல்லார் காதிலும் விழும்படி ஒருமுறை வாசித்துவிடு. அந்த அறிக்கைத் தாள் கோப்பில் இன்னும் இருக்கும். அதில் 'காரணம்' கட்டத்தில் இருப்பதை அடித்துவிட்டு இப்படி எழுது: மாஸ்டர் தானாகத் தேயவில்லை. கஸ்தூரி தேய்த்தாள். ஒரு நிமிஷம் உட்கார வேண்டிய இடத்தில் பத்து எண்ணி எழுந்ததும் கஸ்தூரிதான். மல்லிகாவின் மூடிகள் முதலிலிருந்தே சரியாக இருந்தன.